சரித்திரத்துக்கு ஒரு வாரம்

குழந்தைகளுக்குப் பெருமிதம் ஊட்டுவதற்காக உண்மையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா?

'கூடாது' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்து விழா மேடையை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். காகிதத் தோரணம், வேஷம் கட்டிய குழந்தைகள், முன்வரிசையிலே பெற்றோர்கள். அந்த மேடையில் யாருக்காவது முழு உண்மை வேண்டியிருக்கிறதா? கைதட்டல்தான் வேண்டியிருக்கிறது. கைதட்டலுக்கு இடைஞ்சலான உண்மைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் எந்த விழாவும் தொடங்குகிறது.

சாதாரண விழாவாக இருந்தால் இதிலே பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால் 240 ஆண்டுகளுக்கு மேல் சந்தையிலே விற்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகும் ஏறக்குறைய நூறு ஆண்டு ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டாடுவது என்றால்? அங்கே எதைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவது? அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்தால் பள்ளிக்கூடங்களிலே கறுப்பு மக்களின் சரித்திர விழா நடக்கிறது. சுவரில் படம் ஒட்டுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள். இந்த விழா எப்படிப் பிறந்தது, இன்று என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தால், நான் முதலில் கேட்ட கேள்வி வெறும் வாய்ப்பந்தல் அல்ல என்பது விளங்கும்.

இதைத் தொடங்கி வைத்தவர் கார்ட்டர் வுட்ஸன் என்ற சரித்திர ஆசிரியர். 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். நிலக்கரிச் சுரங்கத்திலே வேலை செய்துகொண்டிருந்த அவர், ஏறக்குறைய 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியின் படியேறினார். 1912-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1915-இல் 'நீக்ரோ' மக்களின் வாழ்க்கையையும் சரித்திரத்தையும் ஆராய ஒரு சங்கம் அமைத்தார். (அந்தச் சொல் அன்று அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டிருந்த சொல். பின்னால் அவர்களே அதை விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்ட பிறகு நாம் பிடித்துக்கொண்டிருப்பது நாகரிகம் அல்ல.) 1926-இல் பிப்ரவரி இரண்டாவது வாரத்தைச் சரித்திர வாரமாகக் கொண்டாடும்படி பள்ளிக்கூடங்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

ஏன் அந்த வாரம்? 12-ஆம் தேதி ஆப்ரஹாம் லிங்கனுடைய பிறந்தநாள். 14-ஆம் தேதி பிரெடரிக் டக்ளஸுடைய பிறந்தநாள். கறுப்பு மக்கள் இரண்டையும் முன்பிருந்தே கொண்டாடி வந்தார்கள். இதிலே ஒரு விசித்திரம் இருக்கிறது. டக்ளஸுக்குத் தம்முடைய பிறந்தநாள் தெரியாது. மேரிலாந்திலே அடிமையாகப் பிறந்த பிள்ளை அவர். குதிரைக்குட்டி பிறந்த நாளைக் குறித்து வைக்கிற எஜமானர்கள் அடிமைக் குழந்தை பிறந்த நாளை அதன் தாய்க்குப் பிறந்த குழந்தையாக நினைத்துக் குறித்து வைத்ததில்லை. தாய் தம்மைச் செல்லமாக அழைத்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு, 14-ஆம் தேதியைத் தாமே தமக்குப் பிறந்தநாளாகத் தேர்ந்துகொண்டார். பால்டிமோர் நகரத்திலே சிறுவனாக இருந்தபோது எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், எஜமானன் தடுத்துவிட்டான். படித்த அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவன் கணக்கு, கணக்கு சரிதான். பிறகு அந்தப் பையன் கையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். பின்னாளில் உலகம் கேட்கப் பேசியவர் அவர். தம் பிறந்தநாளே தெரியாத ஒருவருடைய பிறந்தநாளை ஒட்டி ஒரு சரித்திர வாரம்! இதைவிடப் பொருத்தமான தேதியை எந்தப் பஞ்சாங்கக்காரராலும் குறித்துக் கொடுக்க முடியாது.

வுட்ஸனை வெறும் விழாப் பிரியர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த யோசனைக்கு நெடுநாள் முன்பே, 1903 முதல் சில ஆண்டுகள், பிலிப்பைன் தீவுகளில் அவர் ஆசிரியராக இருந்தார். அங்கே அமெரிக்கப் பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு, ஆப்பிள் மரத்தையே கண்டிராத குழந்தைகளை ஆப்பிள் மரத்தை உலுக்கச் சொல்லிப் பாட வைத்தார்கள். இன்ஷூரன்ஸ் தொழிலிலிருந்து வந்த ஒரு மனிதர் மட்டும் ஆப்பிளை எடுத்துவிட்டு, அந்த ஊர் லொம்பாய் மரத்தைப் பாட்டிலே வைத்தாராம். வாஷிங்டனை விட்டுவிட்டு அவர்களுடைய சொந்த வீரரான ஹோஸே ரிஸாலைப் பற்றிச் சொன்னாராம். லொம்பாய் என்றால் ஏதோ அபூர்வக் கனி என்று நினைக்காதீர்கள். நம் ஊர் நாவல்தான். 1933-இல் வெளிவந்த, கறுப்பு மக்களுக்குத் தரப்படும் தவறான கல்வியைப் பற்றிய புத்தகத்திலே வுட்ஸன் இதைச் சொல்கிறார். அதே புத்தகத்தில் அவர் சொல்லும் இன்னொரு விஷயம் கடுமையானது: தெருவிலே கும்பல் கூடி ஒரு மனிதனைக் கொல்வதற்கான விதை வகுப்பறையில்தான் விதைக்கப்படுகிறது என்கிறார். ஒரு ஜாதி மனிதர்கள் எதையும் செய்ததில்லை என்று புத்தகம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர்களை எதுவும் செய்யலாம் என்று கேட்கிறவனுக்குத் தோன்றும் அல்லவா?

ஆகவே அந்த வாரம் ஒரு தோரணம் கட்டுகிற வாரமாகப் பிறக்கவில்லை. மற்ற 51 வாரங்களும் பாடப்புத்தகம் மறைத்து வந்ததை ஒரு வாரமாவது வெளியே சொல்லவேண்டும் என்று பிறந்தது. சொல்வதற்குத் துணிச்சலும் வேண்டியிருந்தது. லூசியானா மாநிலத்தில், 1933-34-ஆம் ஆண்டில், டெஸ்ஸி மக்கீ என்று ஓர் உபாத்தியாயினி இருந்தார். மேஜையின்மேல் அரசாங்கம் அனுமதித்த பாடக்குறிப்பு விரித்திருக்கும். மடியிலே வுட்ஸனுடைய புத்தகம். மடியைப் பார்த்துப் படிப்பார். தலைமையாசிரியர் வந்தால் கண்ணை உயர்த்தி மேஜையிலிருப்பதைச் சொல்வார். அந்த மாணவர்களில் ஒருவர் பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் குழந்தைகள் அன்று இரண்டு பாடம் கற்றார்கள்: ஒன்று தங்கள் சரித்திரம், மற்றொன்று, அதைத் தங்களுக்குச் சொல்ல ஒருத்தி வேலையைப் பணயம் வைத்தாள் என்பது. இரண்டாவது பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பள்ளிக்கூட விழாவினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான். மேடையும் மாலையும் எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஆனால் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி புளோரிடாவில் ஜாக்ஸன்வில் நகரத்தில் நடந்ததை என்னால் தள்ளிவிட முடியவில்லை. லிங்கன் பிறந்தநாளுக்காக அங்குள்ள பள்ளித் தலைமையாசிரியர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்ஸன் ஒரு பாட்டு எழுதினார்; அவர் தம்பி இசையமைத்தார்; 500 பள்ளிக் குழந்தைகள் பாடினார்கள். விழா முடிந்தது. அண்ணனும் தம்பியும் நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள்; பாட்டும் அவர்கள் நினைவிலிருந்து போய்விட்டது. குழந்தைகள் மறக்கவில்லை. வேறு பள்ளிகளுக்குப் போனபோது அங்கே பாடினார்கள். அவர்களிலே சிலர் உபாத்தியாயர்கள் ஆகித் தங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 20 ஆண்டுக்குள் அது தென் மாநிலங்கள் எங்கும் பரவி, கறுப்பு மக்களின் தேசிய கீதம் என்ற பெயரும் பெற்றுவிட்டது. எழுதியவன் மறந்ததைப் பாடியவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். எழுத்தாளன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி நகரம். 1955 மார்ச் 2-ஆம் தேதி. கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண் பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்காக எழுந்திருக்கச் சொன்னான் டிரைவர். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கிளாடெட் எழுந்திருக்கவில்லை. போலீஸ்காரர்கள் வந்து இழுத்துப்போய், கையிலே விலங்கு மாட்டி, பெரியவர்களை அடைக்கிற சிறையில் அடைத்தார்கள். ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அவர் பிற்காலத்தில் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்தப் பிப்ரவரி மாதம் முழுவதும் வகுப்பிலே கறுப்பு மக்களின் சரித்திரம் நடத்தியிருந்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்றவர்களைத் தப்புவிக்கத் திரும்பத் திரும்ப ஆபத்துக்குள்ளே போய்வந்த ஹேரியட் டப்மன் தன் ஒரு தோளையும், விற்கப்பட்ட மகனை மீட்க வழக்காடி ஜெயித்த ஸொஜேர்னர் ட்ரூத் மறு தோளையும் பிடித்து அழுத்தி உட்காரவைத்தது போல் இருந்தது என்றார். ஒரு மாதத்துப் பாடம் இரண்டு கைகளாக வந்து ஒரு பெண்ணின் தோளில் உட்கார்ந்திருக்கிறது! பாடம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்?

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1-ஆம் தேதி, அதே ஊரில் ரோஸா பார்க்ஸ் என்ற அம்மையார் அதேபோல் எழுந்திருக்க மறுத்தார். அவரைத்தான் உலகம் அறியும். பஸ் பகிஷ்காரம் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார். 1956 இறுதியில் பஸ்களில் பேதம் ஒழிந்தது. இயக்கத்துத் தலைவர்கள் கிளாடெட்டை முன்னே நிறுத்த விரும்பவில்லை. சிறு பெண், ஏழைக் குடும்பம், அந்த ஆண்டிலேயே, மணமாகாத நிலையில், கர்ப்பமும் ஆகிவிட்டாள். எதிரிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். போராட்டக் களத்திலே நிற்கிறவனுக்கு எல்லா உண்மையையும் ஒரே நாளில் சுமக்க முடிவதில்லை. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பஸ் சட்டத்தை உடைத்த வழக்கிலே வாதிகளாக இருந்த நான்கு பெண்களில் கிளாடெட்டும் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

களம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் பள்ளிக்கூட மேடை அதே பயத்தோடு இருப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ரோஸா பார்க்ஸையாவது முழுதாகச் சொல்கிறார்களா? அவர் களைத்துப் போன ஒரு தையல்காரி, கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டார் என்று குழந்தைகள் நாடகம் போட்டு வந்தார்கள். உண்மையிலே அவர் 1943 முதல் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராக உழைத்தவர்; 1955 கோடையில் டென்னஸி மாநிலத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர்; கிளாடெட்டை அறிந்தவர், அவளுடைய வழக்குக்காகப் பணம் திரட்டியவர். தமக்கு அன்று இருந்தது உடம்புக் களைப்பு அல்ல என்று சுயசரிதையிலே தெளிவாகவே சொல்லிவிட்டார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தத் திருட்டு நன்றாகத் தெரியும். களைத்துப் போன தையல்காரி, மாலை நேரம், ஒரு பஸ், ஒரு காலி இடம்... நல்ல சிறுகதை. பன்னிரண்டு ஆண்டு சங்கத்துக் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டு, அடிபட்டவர்களின் வாக்குமூலங்களைக் குறித்துக்கொண்டு, தோற்ற வழக்குகளை அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்த பெண்மணி சிறுகதைக்கு அடங்கமாட்டாள். ஆனால் குழந்தைக்குப் பயன்படுகிறவள் இரண்டாமவள்தானே? முதல் கதை, வீரம் என்பது ஒரு மாலை நேரத்திலே தானாக வந்து விழும் என்று சொல்கிறது. அதை நம்பிக்கொண்டு ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் சும்மா இருந்துவிடலாம்.

இதே கதிதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்கும். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று சுவரிலே படம் ஒட்டுகிறார்கள். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பருத்தி தின்று தீர்த்த மண்ணிலே கடலையும் பயறும் போட்டு மண்ணைத் தேற்றும்படி ஏழைக் கறுப்பு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1906-இல் ஒரு வண்டியையே பள்ளிக்கூடமாக்கி அவர்கள் வயலுக்கே அனுப்பினார். மண்ணைத் தேற்றியதைப் படமாக வரைவது கஷ்டம். கடலை வரைவது சுலபம்.

சரி, முழு உண்மையையும் காட்டிவிடுகிறோம் என்று கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2019-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளியிலே, அடிமை ஏலம் எப்படி நடந்தது என்று காட்டுவதாக ஓர் ஆசிரியை கறுப்புக் குழந்தைகளை அடிமைகளாக நிறுத்தி மற்றக் குழந்தைகளை ஏலம் கேட்கவைத்தார். மாநிலத்து அரசு வழக்கறிஞர் விசாரணை நடத்தும்படி ஆயிற்று. இது உண்மையைச் சொல்வது அல்ல. பழைய குற்றத்தைச் சிறிய அளவில் மறுபடியும் செய்வது. வலியைத் தெரிந்துகொள்ளவேண்டியவர்கள் ஏலம் கேட்ட குழந்தைகள்; வலித்தது யாருக்கு?

இன்னொரு பக்கம், உண்மை பிஞ்சு மனத்தைப் புண்படுத்தும் என்பவர்கள். 2023-இல் புளோரிடாவில் ஒரு பள்ளியிலே, ரூபி பிரிட்ஜஸ் என்ற சிறுமியின் கதையைச் சொல்லும் திரைப்படத்தை ஒரு பெற்றோர் ஆட்சேபிக்க, அதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? 1960 நவம்பர் 14-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், வெள்ளைக்காரக் குழந்தைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளிக்குள் ரூபி நடந்து போனாள். சுற்றிலும் மத்திய அரசின் காவல் அதிகாரிகள். அதற்கு அப்பால் கூச்சலிடும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி சின்னச் சவப்பெட்டியிலே ஒரு கறுப்புப் பொம்மையை வைத்து அவளுக்குத் தூக்கிக் காட்டுவாள். பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ஓர் ஆண்டு முழுவதும் அந்த ஒரே குழந்தைக்கு வகுப்பு நடத்தினார். ரூபிக்கு அப்போது வயது 6. நடந்தபோது 6 வயதுக் குழந்தை தாங்கிக்கொண்டதை, கேட்பதற்கு இன்னொரு குழந்தைக்கு வயது போதாது என்கிறார்கள். எந்தக் குழந்தையின் மனத்தைப் பற்றிய கவலை இது என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

கொண்டாட்டமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். 1970-இல் கென்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வாரத்தை மாதமாக நீட்டினார்கள்; 1976-இல் ஜனாதிபதி போர்டு அதற்கு அங்கீகாரம் தந்தார். எங்கள் சரித்திரத்தை ஒரு மாதத்தில் அடக்குவதாவது என்று 2005-இல் நடிகர் மார்கன் ப்ரீமன் டெலிவிஷனிலே எரிச்சலோடு கேட்டார். அவர் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. வுட்ஸனே, இந்த வாரத்துக்கு அவசியம் இல்லாமல் போகிற ஒரு காலம் வரவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். ஆனால் மருந்து கசக்கிறது என்பதும் நோய் தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஆண்டு முழுவதும் பாடப்புத்தகம் நேராகப் பேசட்டும். அப்புறம் பிப்ரவரியைப் பற்றி யோசிக்கலாம்.

விழா மேடையிலேயே உண்மையைச் சொல்லவும் முடியும். அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்திலே ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படித்த பள்ளி. வரவேற்புரை என்றால் விருந்தாளியை ஆகாயத்தில் ஏற்றி உட்காரவைப்பதுதான் நம் வழக்கம். அங்கே தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று குழந்தைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தம் நாட்டிலே சேரிகளில் அடைபட்டிருக்கும் தம் மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக 1965-இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தைகளுக்கு அன்று கிடைத்த மரியாதையை நினைத்துப் பார்க்கிறேன். நோபல் பரிசுக்குப் போகப்போகிற ஒரு மனிதர் தங்களில் ஒருவராக அங்கே நின்றார். அதற்காகத் தலைமையாசிரியர் பொய் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கிளாடெட் கால்வினைச் சிறுவர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி எழுதிவைத்த பதிவு 2021 வரை அழியாமல் இருந்தது. மாண்ட்கோமரியிலே, ஒரு கறுப்பு நீதிபதி அதை அழிக்க உத்தரவு போட்டார். அப்போது கிளாடெட்டுக்கு வயது 82.

பஸ்ஸிலே அந்தச் சம்பவம் நடந்த அன்று அவர் பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரை, கறுப்பு மக்கள் துணிக்கடையில் உடுப்பை உடுத்திப் பார்த்து வாங்க முடியாது என்பதைப் பற்றியது. செருப்பு வாங்குவதும் அப்படித்தான். வீட்டிலே பழுப்புக் காகிதப் பையின்மேல் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துப் போகவேண்டும். பிப்ரவரியிலே படம் ஒட்டுகிற ஆசிரியைகள் யாராவது ஒருநாள் எல்லாக் குழந்தைகளுக்கும், கறுப்பு வெள்ளை என்று பாராமல், ஆளுக்கொரு பழுப்புக் காகிதத்தைக் கொடுத்துப் பாதத்தை வரையச் சொல்லலாம். யாரையும் ஏலத்திலே நிறுத்தவேண்டியதில்லை. பென்சில் பட்டால் உள்ளங்கால் கூசும், குழந்தைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒரு குழந்தை, "டீச்சர், காகிதம் எதற்கு? காலையே கடைக்குக் கொண்டு போகக் கூடாதா?" என்று கேட்கும்.